உடலைக் கேட்ட ஆணையும் தாளைக் கேட்கும் நீதிமன்றமும்

ஆட்கொணர்வு மனு என்ற சொல்லைச் செய்தித்தாளில் கண்டிராத தமிழ் வாசகர் இருக்க முடியாது. காணாமற்போன மகளைத் தேடித் தந்தை தாக்கல் செய்வது, தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட கணவனுக்காக மனைவி தாக்கல் செய்வது என்று நம் நாட்டில் அதன் பயன்பாடு பெரும்பாலும் இவ்விரண்டிற்குள் அடங்கிவிடுகிறது. முறையாக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவருக்கு இங்கு மேல்முறையீடுதான் வழி. ஆட்கொணர்வு மனு பொதுவாக அவருக்கு உதவுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ நிலைமை வேறு. அங்கு மாநில நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, மேல்முறையீடுகள் அனைத்தும் முடிந்து, எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்ட பிறகு ஒரு கைதி தட்டும் கடைசிக் கதவு இதுவே. 'என் விசாரணை அரசமைப்புச் சட்டத்துக்கு மாறாக நடந்தது. ஆகவே என்னைச் சிறையில் வைத்திருப்பது சட்டவிரோதம்' என்று அவர் கூட்டாட்சி நீதிமன்றத்திடம் முறையிடுகிறார்.

நான் சட்டம் பயின்றவனல்லன்; தமிழ் இலக்கியம் கற்பிப்பவன். எனினும் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் இணையத்தில் எவரும் படிக்கத்தக்க வகையில் கிடைக்கின்றன. பழைய உரையாசிரியர்களைப் படிப்பதுபோல் அவற்றைப் படித்து வந்திருக்கிறேன். எந்தச் சொல்லில் தொடங்குகிறார்கள், யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பார்ப்பது சுவையாகவும் சில இடங்களில் அச்சமூட்டுவதாகவும் இருக்கிறது.

'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்ற இலத்தீன் தொடரில் உள்ள 'கார்ப்பஸ்' உடலைக் குறிக்கும். காவலில் வைத்தவனை நோக்கி, 'அவனுடைய உடலை இங்கே கொண்டுவந்து நிறுத்து. எக்காரணத்தால் அடைத்து வைத்தாய் என்று சொல்' என அரசன் பெயரால் நீதிபதி இட்ட ஆணை அது. தமிழில் யார் முதலில் 'ஆட்கொணர்வு' என்று ஆக்கினாரோ அவர் உடலை விட்டு ஆளைப் பிடித்துக்கொண்டார். மூலத்தைவிட நல்ல சொல் என்பது என் கணிப்பு. நம் மொழியில் 'உடலைக் கொண்டு வா' என்றால் பொருளே மாறிவிடும். எப்படியாயினும், அந்த ஆணை பேசுவது சிறைக்காரனிடம் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பதில் சொல்லும் கடமை அவனுக்கே இருந்தது. அமெரிக்காவில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இந்தக் கேள்வி மெல்ல மெல்லத் திரும்பிக் கைதியின் பக்கம் நின்றுவிட்டது. 'ஏன் தாமதம்? இதை முன்பே ஏன் சொல்லவில்லை? உன் வழக்கறிஞர் எந்தத் தேதியில் தாளைக் கொடுத்தார்?' என்று இப்போது கேட்கப்படுகிறது.

இங்கிலாந்தில் 1679-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதிபெற்ற இவ்வுரிமையை அமெரிக்க அரசமைப்புச் சட்டம் தன் முதற்பிரிவிலேயே குறிப்பிடுகிறது. கிளர்ச்சியோ படையெடுப்போ நேர்ந்து பொதுப் பாதுகாப்புக்கு இன்றியமையாததாக இருந்தாலன்றி இதனை நிறுத்திவைக்கக் கூடாது என்பது அதன் கருத்து. ஆனால் 1789-ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் இந்த அதிகாரத்தைக் கூட்டாட்சி அரசின் காவலில் இருந்தவர்களோடு நிறுத்திக்கொண்டது. அந்நாட்டில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் அடி முதல் முடிவரை தனியான நீதிமன்ற வரிசை உண்டு. குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பான்மை அங்குதான் நடக்கின்றன. அந்தக் கைதிகளுக்கு வழி திறந்தது உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1867-ஆம் ஆண்டில். விடுதலை பெற்ற கறுப்பின மக்களைத் தென்மாநிலங்கள் பழிவாங்கும் என்ற அச்சம் அச்சட்டத்தின் பின்னணியில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதை முதலில் பற்றிக்கொண்டவர்களில் ஒருவர், போருக்குப் பிந்தைய சீரமைப்பை எதிர்த்து எழுதியதற்காக இராணுவத்தால் கைது செய்யப்பட்ட மிசிசிப்பிப் பத்திரிகையாசிரியர் மக்கார்டில். வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே, 1868-இல், அச்சட்டத்தின்படி மேல்முறையீடு கேட்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம் பறித்துக்கொண்டது. அது திரும்பக் கிடைத்தது 1885-இல்.

இனி 1915-க்கு வருவோம். அட்லாண்டா நகரில் பென்சில் தொழிற்சாலை ஒன்றின் மேலாளர் லியோ ஃபிராங்க், யூதர். பதின்மூன்று வயதுத் தொழிலாளிச் சிறுமியைக் கொன்றதாக வழக்கு. நீதிமன்றத்துக்கு வெளியே கூட்டம் கொந்தளித்தது. விடுதலை என்று தீர்ப்பு வந்தால் உயிருக்கு ஆபத்து என்று கருதிய நீதிபதி, தீர்ப்பு வாசிக்கப்படும் நேரத்தில் குற்றம் சாட்டப்பட்டவரும் அவருடைய வழக்கறிஞர்களும் மன்றத்தில் இல்லாதிருப்பது நல்லது என்றார். அவர்களும் வரவில்லை. பின்னாளில் இதையே குறையாக எடுத்துச் சொன்னபோது, 'முதல் மனுவிலேயே சொல்லியிருக்க வேண்டும், இப்போது காலம் கடந்துவிட்டது' என்று ஜார்ஜியா மாநில நீதிமன்றம் தள்ளியது. கூட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கியவன், கூட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கும் நாள் தவறிவிட்டான். உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் இதில் குறை காணவில்லை. ஹோம்ஸ், ஹியூஸ் என்ற இருவர் மட்டும் மாறுபட்டனர். ஆளுநர் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு கும்பல் ஃபிராங்கைச் சிறையிலிருந்து இழுத்துச் சென்று தூக்கிலிட்டது.

எட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே ஹோம்ஸ் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதும் நிலை வந்தது. ஆர்கன்சா மாநிலத்தில் எலைன் என்ற சிற்றூரின் அருகே, 1919 செப்டம்பர் 30 இரவு, வாரத்துக்கு உழுத கறுப்பின உழவர்கள் பருத்திக்கு நியாயமான விலை கேட்பது பற்றிப் பேசத் தேவாலயம் ஒன்றில் கூடியிருந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து வெள்ளையர் ஒருவர் இறந்தார். அடுத்த நாட்களில் வெள்ளையர் கும்பல்களும் படையினரும் அப்பகுதியில் கொன்ற கறுப்பினத்தவரின் எண்ணிக்கை இன்றுவரை சரியாகக் கணக்கிடப்படவில்லை. வெள்ளையரில் இறந்தவர் ஐவர். அந்த ஐவருக்காகப் பன்னிரண்டு கறுப்பின உழவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் அறுவரின் வழக்கே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. விசாரணை சுமார் முக்கால் மணி நேரம். ஜூரிகள் ஐந்து நிமிடத்துக்குள் முடிவு சொன்னார்கள். ஜூரியில் கறுப்பினத்தவர் இல்லை என்ற முறையீடு காலந்தாழ்ந்து வந்தது என்று மாநில நீதிமன்றம் இங்கும் சொல்லியிருந்தது. ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு சில பக்கங்களே. நீதிபதி, ஜூரி, வழக்கறிஞர் எல்லாரும் பொதுவெறியால் அடித்துச் செல்லப்பட்டு விசாரணை முழுதும் ஒரு முகமூடியாகிவிடும்போது, மாநில நீதிமன்றம் சரிசெய்துவிட்டதாகச் சொல்வது கூட்டாட்சி நீதிபதியின் கையைக் கட்டாது என்றார். தீர்ப்பு 1923 பிப்ரவரியில் வந்தது. ஸ்கிப்பியோ ஜோன்ஸ் என்ற கறுப்பின வழக்கறிஞரின் ஓயாத உழைப்பால் 1925-க்குள் பன்னிருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். இந்த மனுவின் வரலாற்றில் நான் மனநிறைவோடு படித்த பக்கங்கள் இவை.

இதற்கு நேரெதிரான பக்கம் 1953-இல் உள்ளது. வட கரோலினா மாநிலத்தில் டேனியல்ஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட கறுப்பின இளைஞர் இருவருக்கு மரண தண்டனை. வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டது, ஜூரித் தேர்வில் இனப் பாகுபாடு இருந்தது என்பன அவர்களின் முறையீடுகள். மேல்முறையீட்டுக்கான தாள்களை எதிர்த்தரப்பிடம் சேர்க்க 60 நாள் கெடு. அவர்களுடைய வழக்கறிஞர் 61-ஆம் நாள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். அறுபதாம் நாள் அஞ்சலில் சேர்த்திருந்தால், அது இன்னும் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும், மாநில விதிப்படி செல்லும்! மாநில உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைக் கேட்க மறுத்தது. கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும் அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டது. இருவரும் அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டனர். நீதிபதி பிளாக், ஒரு நாள் தாமதத்துக்காக இரண்டு உயிர்களா என்ற தம் வேதனையை மாறுபட்ட தீர்ப்பில் பதிவு செய்தார். நீதிபதி ஜாக்சனோ வந்து குவியும் மனுக்களைப் பற்றிக் கவலைப்பட்டார். வைக்கோற்போரில் ஊசியைத் தேட வேண்டியவன், தேடுவதே வீண் என்ற மனநிலைக்கு வந்துவிடக்கூடும் என்பது அவர் கூற்று. இரண்டும் ஒரே தீர்ப்புத் தொகுதியில் உள்ளன.

பத்தாண்டு கழித்து, 1963 மார்ச் 18 அன்று, காற்று மாறி வீசியது. புளோரிடாச் சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அனுப்பிய கிடியனின் மனுவை ஏற்று, ஏழைக்கு வழக்கறிஞர் வைத்துக்கொடுப்பது அரசின் கடமை என்று தீர்ப்பு வந்தது அன்றுதான். அதே நாளில் நோயா என்பவரின் வழக்கும் முடிவாயிற்று. புரூக்ளின் கொலை வழக்கொன்றில் 1942-இல் மூவர் ஆயுள் தண்டனை பெற்றார்கள். மூவரின் வாக்குமூலமும் வற்புறுத்திப் பெறப்பட்டவை. மற்ற இருவரும் மேல்முறையீடு செய்து, தோற்று, நெடுங்காலம் போராடிப் பின்னர் விடுதலை பெற்றனர். நோயா மேல்முறையீடே செய்யவில்லை. செலவுக்குக் குடும்பத்திடம் பணமில்லை. மறுவிசாரணை கிடைத்தால் அடுத்த ஜூரி மரண தண்டனை விதித்துவிடுமோ என்ற அச்சம் வேறு. அவருடைய வாக்குமூலமும் வற்புறுத்திப் பெறப்பட்டதே என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகும், மேல்முறையீடு செய்யாத காரணத்தால் அவர் உள்ளேயே இருக்க வேண்டும் என்றது நியூயார்க் மாநிலம். நீதிபதி பிரென்னன் இதை ஏற்கவில்லை. வேண்டுமென்றே மாநில வழியைத் தவிர்த்தவனைத்தான் தடுக்கலாம். தவறவிட்டவனை அன்று என்று விதித்தார்.

அந்த விதி பதினான்கு ஆண்டு நின்றது. 1977-இல் ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பு அளவுகோலை மாற்றியது. விசாரணையில் உரிய நேரத்தில் ஆட்சேபம் சொல்லாதவர், சொல்லாமற் போனதற்குத் தக்க காரணமும் அதனால் விளைந்த மெய்யான பாதிப்பும் இரண்டையும் காட்டினாலன்றிக் கூட்டாட்சி நீதிமன்றம் கேட்காது. மாநில விசாரணையே அரங்கேற்றமாக இருக்க வேண்டும், பின்னால் வரப்போகும் கூட்டாட்சி விசாரணைக்கு ஒத்திகையாகிவிடக் கூடாது என்பது அவருடைய நாடகத்துறை உவமை. இவர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சாட்சிகள் இறந்துபோகிறார்கள், நினைவு மங்குகிறது, கொல்லப்பட்டவரின் வீட்டார் இருபது ஆண்டுகள் நீதிமன்ற வாசலில் காத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு நாளில் வழக்கு முடியத்தான் வேண்டும். ஆனால் எங்கே முடிக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

வர்ஜீனியா மாநிலத்தின் ரோஜர் கோல்மன் வழக்கு இதைக் கூர்மையாகக் காட்டுகிறது. தன் மைத்துனியைக் கொன்றதாக மரண தண்டனை பெற்றவர் அவர். மாநிலத்தில் அவர் தாக்கல் செய்த மறு ஆய்வு மனு தள்ளுபடியானபோது, மேல்முறையீட்டு அறிவிப்பைத் தர 30 நாள் கெடு. வழக்கறிஞர்கள் மூன்று நாள் தாமதித்தார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் முதல் வாக்கியம், இது கூட்டாட்சி முறை பற்றிய வழக்கு என்று தொடங்குகிறது. எழுதியவர் நீதிபதி ஓகானர். ஒரு பிரதியின் முதல் வரி யாரை அரங்கில் நிறுத்துகிறது என்று மாணவர்களிடம் கேட்பவன் நான். இங்கு அரங்கில் ஆளே இல்லை, அரசுகள் மட்டுமே நிற்கின்றன. நீதிபதி பிளாக்மன் தம் மாறுபட்ட தீர்ப்பில் இதைக் கண்டித்தார். பெரும்பான்மையின் தருக்கம் இப்படிச் செல்கிறது: மறு ஆய்வுக் கட்டத்தில் கைதிக்கு வழக்கறிஞர் வைத்துக்கொடுக்குமாறு கேட்கும் உரிமை அரசமைப்புச் சட்டப்படி இல்லை, உரிமை இல்லாத இடத்தில் வழக்கறிஞர் கைதியின் முகவர் மட்டுமே, முகவரின் பிழை முதலாளியின் பிழை. நல்ல வழக்கறிஞரைக் கோர முடியாத கைதி, கெட்ட வழக்கறிஞரின் பிழையை மட்டும் முழுவதும் சுமக்க வேண்டும்.

கோல்மன் 1992 மே மாதம் மின்னாற்காலியில் கொல்லப்பட்டார். தாம் நிரபராதி என்றே இறுதிவரை சொன்னார்; பலர் நம்பினார்கள். 2006-இல் மாநில ஆளுநரின் ஆணைப்படி மரபணுச் சோதனை நடந்தது. முடிவு அவருக்கு எதிராகவே வந்தது.

இத்துடன் விவாதம் முடிந்தது என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் மேல் விழும் பழி, கோவலன் கள்வனல்லன் என்று பின்னர்த் தெரிந்ததால் மட்டும் வந்ததன்று; தெரிந்துகொள்ள முயலாமலே ஆணையிட்டதால் வந்தது. கோல்மன் குற்றவாளி என்று 2006-இல் தெரிந்தது. 1991-இல் மூன்று நாளை எண்ணிக் கதவைச் சாத்தியவர்களின் கையில் அந்தச் சோதனை முடிவு இல்லை. அதே மூன்று நாள் விதி நிரபராதி ஒருவரையும் அதே நாற்காலிக்கு அனுப்பியிருக்கும்.

அதுவரை நீதிபதிகள் அடுக்கிய கற்களின் மேல் 1996-இல் நாடாளுமன்றம் ஒரு மதிலையே எழுப்பியது. 1995 ஏப்ரலில் ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பில் 168 பேர் இறந்தனர். மறு ஆண்டு ஏப்ரல் 24 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டத்தின் பெயரிலேயே பயங்கரவாத எதிர்ப்பும் மரண தண்டனையும் இருந்தன. ஆனால் அதன் ஆட்கொணர்வுப் பகுதி பயங்கரவாதத்தோடும் மரண தண்டனையோடும் தொடர்பே இல்லாத, திருட்டுக்கும் கொள்ளைக்கும் சிறையிலிருக்கும் மாநிலக் கைதிகளையும் கட்டுப்படுத்துகிறது. தண்டனை இறுதியான நாளிலிருந்து பொதுவாக ஓராண்டுக்குள் மனு வர வேண்டும். அதற்கு முன் வரம்பென்று குறித்த ஆண்டுக் கணக்கு எதுவும் இருந்ததில்லை. இரண்டாம் மனு போட வேண்டுமானால் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு முன் அனுமதி தர வேண்டும். அனுமதி மறுத்தால் அதன்மேல் முறையீடு கிடையாது. மாநில நீதிமன்றம் தவறாகத் தீர்ப்பளித்தது என்று காட்டினால் மட்டும் போதாது, நியாயமற்ற அளவுக்குத் தவறியது என்று காட்ட வேண்டும்.

இதற்கிடையே பழைய விதி ஒன்றும் உயிரோடு இருக்கிறது. மாநில வழிகள் அனைத்தையும் முடித்துவிட்டுத்தான் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வர வேண்டும். முடித்த முறையீடுகளோடு முடிக்காத ஒன்றைக் கலந்து வந்தால் மனு முழுவதையும் தள்ள வேண்டும் என்று 1982-இல் முடிவாயிற்று. அந்நாளில் திரும்பிப்போய் அதை முடித்துவிட்டு வரலாம். ஓராண்டுக் கெடு வந்தபின், கூட்டாட்சி நீதிமன்றத்தில் மனு காத்திருந்த காலமும் கெடுவில் கழியும் என்று 2001-இல் தீர்ப்பாயிற்று. திருத்திக்கொண்டு வா என்று அனுப்பப்பட்டவன் திரும்பி வருவதற்குள் கெடு முடிந்திருக்கும். இத்தகைய மனுவை நிறுத்திவைத்துக் காத்திருக்க நீதிபதிக்கு ஓரளவு இடமளித்தது 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று.

இவற்றையெல்லாம் யார் எண்ணிப் பார்க்க வேண்டும்? பெரும்பாலும் சிறை நூலகத்தில் உட்கார்ந்து தானே சட்டம் படிக்கும் கைதி. அவன் அஞ்சல் பெட்டிக்கு நடந்து போக முடியாது. சிறை அலுவலரிடம்தான் உறையைக் கொடுக்க வேண்டும். 1941-இல் மிச்சிகன் சிறையில் கைதிகளின் மனுக்களை அதிகாரிகளே படித்துத் தகுதி பார்த்துத் திருப்பிக் கொடுத்து வந்ததை உச்ச நீதிமன்றம் தடுத்தது. டென்னசிக் கைதி ஹூஸ்டன் தம் மேல்முறையீட்டு அறிவிப்பைக் கெடுவுக்கு மூன்று நாள் முன்பே அலுவலரிடம் கொடுத்தார். நீதிமன்ற முத்திரை கெடு முடிந்த மறுநாள் விழுந்தது. சிறை அலுவலர் கையில் சேர்ந்த நாளே தாக்கல் செய்த நாள் என்று 1988-இல் தீர்ப்பாயிற்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். நான்கு நீதிபதிகள் இதற்கும் உடன்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒஹாயோக் கைதி போல்ஸின் கதை இதைவிட வியப்பானது. மேல்முறையீட்டுக்கான நீட்டிப்பு 14 நாள் என்பது சட்டம். நீதிபதி கணக்குத் தவறி 17 நாள் கொடுத்து ஆணையில் தேதியையும் எழுதிவிட்டார். அந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே போல்ஸின் அறிவிப்பு வந்தது. சட்டப்படி இரண்டு நாள் தாமதம். நீதிபதியின் சொல்லை நம்பியது அவர் குற்றமாயிற்று. 2007-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்காக மேல்முறையீட்டைத் தள்ளியது. மாறுபட்ட நீதிபதி சவுட்டர், நீதித்துறை மனிதர்களை இப்படி நடத்துவது பொறுக்க முடியாதது என்ற கருத்தை மறைக்காமல் எழுதினார்.

இருந்தும் சில கதவுகள் திறந்தன. ஹாலண்ட் என்ற மரண தண்டனைக் கைதி, கெடு தவறக்கூடாது என்று தம் வழக்கறிஞருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார், பதில் இல்லை. மாநில நீதிமன்றம் எப்போதோ தீர்ப்பளித்துவிட்டதைச் சிறை நூலகத்தில் தற்செயலாக அறிந்து, உடனே தம் கையாலேயே மனு எழுதி அனுப்பினார். கெடு முடிந்து ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகியிருந்தது. இத்தகைய நிலையில் கெடுவைத் தளர்த்தலாம் என்று 2010-இல் ஏழு நீதிபதிகள் கூறினர். வலுவான புதுச் சான்றால் நிரபராதித்தன்மையைக் காட்டுபவரைக் கெடு தடுக்காது என்றது 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மாநில மறு ஆய்வில் வழக்கறிஞர் சோம்பியிருந்ததால், விசாரணை வழக்கறிஞரின் குறையை எழுப்பத் தவறிய கைதியை மன்னிக்கலாம் என்று 2012-இல் மார்ட்டினெஸ் வழக்கு கோல்மன் விதியைச் சற்றே தளர்த்தியிருந்தது.

அரிசோனாவின் பேரி ஜோன்ஸ் இந்தத் தளர்வை நம்பி வந்தவர். தம் தோழியின் நான்கு வயது மகள் வயிற்றுக் காயத்தால் இறந்ததற்காக 1995-இல் மரண தண்டனை பெற்றார். குழந்தை அவர் பொறுப்பில் இருந்த நேரத்தில்தான் காயம் ஏற்பட்டது என்பது அரசுத் தரப்பின் அடிப்படை. காயத்தின் காலத்தை மருத்துவ வல்லுநரிடம் கேட்டுச் சரிபார்க்க விசாரணை வழக்கறிஞர் முயலவில்லை. அடுத்து வந்த மறு ஆய்வு வழக்கறிஞரும் இக்குறையை எழுப்பவில்லை. கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் பல நாள் சாட்சியங்களைக் கேட்டு, அந்த அடிப்படையே ஆட்டம் காண்கிறது என்று கண்டு, 2018-இல் தண்டனையை நீக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2022 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்றாக அதை மாற்றியது. முறையீட்டை எழுப்பத் தவறியதை மார்ட்டினெஸ் தீர்ப்பின்படி மன்னிக்கலாம். ஆனால் மாநில நீதிமன்றத்தில் பதிவாகாத சான்றைக் கூட்டாட்சி நீதிமன்றம் பார்க்கக் கூடாது என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பொருள்கொண்டனர். கதவு திறந்திருக்கிறது, உள்ளே வரலாம், கையில் இருப்பதை மட்டும் காட்டக் கூடாது. நீதிபதி சோட்டோமயோரின் மாறுபட்ட தீர்ப்பு, இது மார்ட்டினெஸ் தீர்ப்பை உள்ளீடற்ற கூடாக்குகிறது என்ற வாதத்தை விரிவாகவே முன்வைக்கிறது.

பேரி ஜோன்ஸ் கொல்லப்படவில்லை. மறு ஆண்டு அரிசோனா அரசுத் தரப்பு அவரோடு உடன்பாட்டுக்கு வந்தது. குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தவறியதன் பேரில் இரண்டாம் நிலைக் கொலைக் குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். அதற்கான 25 ஆண்டுத் தண்டனையை ஏற்கெனவே கழித்துவிட்டிருந்தார். 2023 ஜூன் மாதம் வெளியே வந்தார். அவரை வெளியே கொண்டுவந்த தாள் அந்த ஒப்பந்தம். அவருடைய ஆட்கொணர்வு மனு தோற்ற மனுவாகவே பதிவில் இருக்கிறது.